அம்மா இல்ல, அதான்

"அப்போ இவனுக்குக் கதையே புரியலையா மேடம்?"

கேட்டவர் ஒரு பையனின் அம்மா. அவன் படம் பார்த்துக் கதை சொன்னதற்கான மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே, "இப்போதைக்கு அப்படித்தான் தெரியுது" என்றேன். மூன்று வருடம் ஆகிறது. பேச்சு மொழிப் பயிற்சியாளராக எத்தனையோ பெற்றோரிடம் இதைவிடக் கடினமான செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். மனதைவிட்டுப் போகாமல் இருப்பது இந்த ஒரு பதில்தான்.

பையனுக்கு ஐந்து வயது. ஆறு படங்கள். ஒரு நாய்க்குட்டி பட்டாம்பூச்சியின் பின்னால் ஓடிக் குழிக்குள் விழுகிறது, குரங்கு ஒன்று கொடியை இறக்கி அதை மேலே இழுக்கிறது, கடைசியில் குட்டி தாயிடம் போய்ச் சேர்கிறது. அவன் சொன்ன கதை: "நாய். போச்சு. விழுந்துச்சு. அப்புறம்... இது வந்துச்சு. இழுத்துச்சு. முடிஞ்சிடுச்சு." அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சிக்கல், முயற்சி, முடிவு என்று ஓரளவு கோத்துச் சொல்லிவிடுவார்கள். 'ஓடிப்போய்', 'எட்டிப் பார்த்து', 'அதனால' என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வார்கள். இவனிடம் எல்லாம் தனித்தனியாக நின்றன. யார் இழுத்தது, யாரை இழுத்தது, எதுவும் இல்லை.

தமிழில் எழுவாயை விடுவது பிழையா என்ன? நாமும்தான் விடுகிறோம். நாய், குரங்கு எல்லாமே அஃறிணை. எது வந்தாலும் 'வந்துச்சு'தான். போதாததற்கு நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்முன் இருக்கும் குரங்கை 'இது' என்று சொன்னதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தேன். கேட்பவருக்குப் படம் தெரியாதபடி பிள்ளையின் கையிலேயே கொடுத்துச் சொல்ல வைப்பதும் உண்டு. அன்று நான் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் மதிப்பெண் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு மொழி வளர்ச்சிக் கோளாறு இருந்தது உண்மை. இங்கிலாந்தில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பள்ளி தொடங்கும் வயதில் நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு மேல் இது இருப்பதாகச் சொல்கிறது. வெளியே தெரியாது, 'போகப் போகச் சரியாயிடும்' என்று விட்டுவிடுவார்கள். நான்கு வயதில் ஒரு கதையைத் திருப்பிச் சொல்லும் திறன், ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் மொழி எப்படி இருக்கும் என்பதை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது என்று டோரதி பிஷப், எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1987லேயே கண்டார்கள். அதனால்தான் நாங்கள் கதை கேட்கிறோம். அந்தக் குறைந்த மதிப்பெண்தான் அவனைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவன் களைத்துவிட்டான் என்று, 'குட்டி ஏன் அழுதது', 'குரங்கு எதற்கு வந்தது' போன்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளியிருந்தேன். படங்களை அடுக்கும்போது, யாரும் கேட்காமலேயே, குழிக்குள் இருந்த குட்டியின் முகத்தைத் தொட்டு அவன் சொன்னான்: "அம்மா இல்ல. அதான் அழுவுது."

ஒரு உணர்ச்சி, அதற்கு ஒரு காரணம், இரண்டையும் சேர்க்க ஒரு 'அதான்'. தாளில் நான் தேடிக்கொண்டிருந்த அத்தனையும் அதில் இருந்தது. எனக்குக் கேட்டது. நேரம் முடிந்தபின் சொன்னதைச் சேர்க்கக்கூடாது என்பது விதி, சரி. ஆனால் அந்தத் தாய் விதியையா கேட்டார்? புரிகிறதா என்றுதானே கேட்டார்! கதையைச் சொல்ல மொழி போதாமல் இருப்பது வேறு, கதை புரியாமல் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

சில மாதம் கழித்து அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "புரியலன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம், தூங்கும்போது கதை சொல்றத விட்டுட்டேன் மேடம். பாவம், அவன எதுக்குப் படுத்தணும்னு."

பதறிப்போய், நிறுத்தவே கூடாது, இன்னும் அதிகமாகச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். இப்போது அவன் 'ஏன்னா' போட்டு நீளமாகப் பேசுகிறான். பயிற்சியா, வயதா, அம்மா மறுபடி தொடங்கிய கதைகளா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படத்தைத் தொட்டு அன்று அவன் சொன்னதை மட்டும் நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.