தெற்கு ஜார்ஜியாவுக்குப் பாய்மரப் படகில்: போக ஐந்து நாள், திரும்பப் பதினொன்று

ஃபாக்லாந்துத் தீவுகளின் ஸ்டான்லியிலிருந்து, தென் அட்லாண்டிக்கில் கிழக்கே இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கனுக்குச் சுமார் 800 கடல் மைல். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகில் தள்ளுவதால் ஐந்து நாளில் போய்விட்டோம். திரும்பப் பதினொரு நாள். டீசல், அரிசி, தண்ணீர் எல்லாவற்றையும் அந்தப் பதினொன்றை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். தீவில் விமான ஓடுபாதை கிடையாது. ஆபத்தென்றால் கப்பல் வந்துதான் தூக்க வேண்டும். தீவுக்குப் போவதற்கான அனுமதி விண்ணப்பத்திலும் இதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

அதிக நேரத்தை விழுங்கியது சுத்தம் செய்வதுதான். 2011 முதல் 2015 வரை எலிகளை ஒழிக்க ஹெலிகாப்டரில் விஷத்தீனி தூவி, 2018இல் எலியற்ற தீவு என்று அறிவித்த இடம் அது. அதனால் ஸ்டான்லியில் நிற்கும்போதே கரைக்கயிறுகளில் எலித்தடுப்புத் தட்டு, படகுக்குள் பொறி. அட்டைப்பெட்டிகளில் பூச்சி முட்டை ஒட்டி வரும் என்பதால் பெட்டிகள் எல்லாவற்றையும் கரையிலேயே விட்டோம். உருளைக்கிழங்கை மண் போகக் கழுவினோம். பைகளின் தையல் மடிப்பில் வேக்குவம் கிளீனர் பிடித்தாலும் வெல்க்ரோவில் சிக்கிய புல்விதை வராது. ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். ஒரு ஜோடி கெய்ட்டருக்கு (காலணிக்கு மேல் கட்டும் கணுக்கால் உறை) முக்கால் மணி நேரம். பேசாமல் வெல்க்ரோ இல்லாத உடுப்பாக வாங்கிவிடலாம்.

மூன்றாம் நாள் கடல்நீரின் வெப்பம் 6 டிகிரியிலிருந்து 2க்கு இறங்கி, மூடுபனி கவிந்தது. தெற்கின் குளிர்நீரும் வடக்கின் சற்றே வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் அன்டார்க்டிக் குவிமண்டலத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அங்கிருந்து ஒருவர் காவல் நிற்கும் முறையை மூன்று மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தோம். அதற்கு மேல் குளிரில் கண் நிலைக்காது. பெரிய பனிமலை ரேடாரில் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட எழாத பனித்துண்டுகளுக்கு. ரேடாரில் அலை இரைச்சலை அடக்கும் குமிழைக் கூட்டினால் திரை பளிச்சென்று இருக்கும். துண்டும் சேர்ந்து மறைந்துவிடும். திரை கொஞ்சம் அழுக்காகவே இருக்கட்டும். பனிமலையைக் காற்று வரும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். மலையின் பெரும்பகுதி நீருக்கடியில் இருப்பதால் அது நீரோட்டத்தோடு போகும். உடைந்த துண்டுகளைக் காற்று தள்ளுவதால் அவை மறுபக்கம் சிதறிக் கிடக்கும். இரவில் வேகம் நான்கு நாட் (மணிக்கு நான்கு கடல் மைல்), மூடுபனியில் அதற்கும் கீழே.

நங்கூரமிடும் இடங்களில் தொல்லை கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசி. நங்கூரம் அதன் தண்டுகளில் சிக்கி, தரையைத் தொடாமலே பிடித்ததுபோல் ஏமாற்றும். மலைச்சரிவிலிருந்து திடீரென்று காற்று விழும்போதுதான் குட்டு வெளிப்படும். சங்கிலியை விட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி நன்றாக முறுக்கி இழுத்துப் பாருங்கள். நகர்ந்தால் மறுபடி போட வேண்டியதுதான். தூக்கும்போது ஓர் ஆள் எடைக்குப் பாசி கூடவே வரும். ரொட்டி வெட்டும் பல் கத்தியைப் படகுக்கொக்கியின் நுனியில் கட்டி அறுப்பதைவிட நல்ல வழி இல்லை. எஞ்சினுக்குக் குளிர்நீர் இழுக்கும் வடிகட்டியையும் அப்போதே திறந்து பார்த்துவிட வேண்டும். இலை அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும்.

இருட்டியதும் நங்கூர விளக்கு தவிர வெளிச்சம் ஏதும் வெளியே கசியக் கூடாது, சாளரங்களுக்குத் திரை கட்டாயம். மூடுபனியில் பெட்ரல் பறவைகள் வெளிச்சத்தை நோக்கி வந்து தளத்தில் மோதி விழும். 2023 முதல் பறவைக் காய்ச்சல் அங்கே இருப்பதால் கையுறையோடுதான் எடுக்க வேண்டும்.

திரும்பும் வழியில் முகத்துக்கு நேரே காற்று. ஒவ்வொரு தாழ்வழுத்தம் கடக்கும்போதும் காற்று முதலில் வடமேற்கு, பிறகு தென்மேற்கு. வடமேற்கில் காற்றை வலப்பக்கம் வாங்கி, திரும்பியதும் பாயை மாற்றி இடப்பக்கம் வாங்கினால் இரண்டிலுமே மேற்கே கொஞ்சம் தேறும். மாற்றத்தைத் தவறவிட்டால் அரைநாள் போச்சு. காற்று 40 நாட் வேகத்துக்கு மேல் அடித்தபோது பாயைச் சுருக்கிப் படகை அப்படியே மிதக்கவிட்டோம், இரண்டு முறை. ஹீட்டர் மட்டும் நாளுக்கு 6 லிட்டர் டீசல் குடித்தது. ஸ்டான்லியில் கயிறு கட்டியபோது தொட்டியில் 70 லிட்டர் மிச்சம்.