திறந்தே கிடந்த 600 டிக்கெட்டுகள்

நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய ஒரு திறமூல மென்பொருள் திட்டத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் வந்தபோது, அதன் நிரல் இருந்த கிட்ஹப் தளத்தில் 600-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள், அதாவது பிழைகளைத் தெரிவிக்கும் பதிவுகள், திறந்தே கிடந்தன. லேபிள்களுக்குக் குறைவில்லை. 'அவசரம்', 'மிக அவசரம்', 'உயர் முன்னுரிமை' என மூன்று லேபிள்கள் தனித்தனியே இருந்தன. அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று குழுவில் கேட்டபோது ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் முதலில் எடுத்த முடிவே தவறானது. 90 நாள்கள் அசைவின்றிக் கிடக்கும் டிக்கெட்டுகளைத் தானாகவே மூடும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்றை இயக்கினேன். எண்ணிக்கை மளமளவெனக் குறைந்ததில் மகிழ்ச்சியடைந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, சேமிக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் கோப்பின் பழைய பிரதியும் சேர்ந்து அழிவதாக ஒருவர் எழுதினார். தேடிப் பார்த்தால், அதே பிழையை எப்படி மீண்டும் வரவழைப்பது என்று படிப்படியாக விளக்கியிருந்த ஒரு டிக்கெட், பாட் மூடியவற்றுள் இருந்தது. நாங்கள் பதில் எழுதாததால்தான் அது அசைவின்றிக் கிடந்தது. அன்றே பாட்டை நிறுத்தி, அது மூடிய அனைத்தையும் மீண்டும் திறந்தேன்.

அதன்பின் நாளுக்கு இருபதாக ஒவ்வொன்றையும் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட பிழைகளின் டிக்கெட்டுகள் பல இன்னும் திறந்திருப்பது தெரிந்தது. நிரலில் ஒரு மாற்றத்தை இணைக்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' என்ற சொல்லோடு டிக்கெட் எண்ணையும் எழுதினால், அது இணைந்ததும் கிட்ஹப் அந்த டிக்கெட்டைத் தானே மூடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புல் ரிக்வெஸ்ட் நிரல் களஞ்சியத்தின் இயல்புக் கிளையை, அதாவது நிரலின் முதன்மைப் பிரதியை, நோக்கியதாக இருக்க வேண்டும். எங்கள் திருத்தங்களோ வெளியீட்டுக்கென்று தனியே வைத்திருந்த வெளியீட்டுக் கிளையில் இணைந்துகொண்டிருந்தன. ஆகவே எழுதியவர் மூடப்பட்டுவிட்டதாக நம்பியிருக்க, டிக்கெட் திறந்தே இருந்தது.

இயல்புக் கிளையில் இணைந்தவற்றில் இதற்கு நேர்மாறான சிக்கல். இணைந்த கணமே டிக்கெட் மூடிவிடும். பயனரிடமோ பழைய பதிப்புதான் இருக்கும். மூடிவிட்டீர்கள், பிழை அப்படியே இருக்கிறதே என்று அவர் கேட்பது நியாயமே. எந்த வெளியீட்டில் திருத்தம் வரும் என்பதை, டிக்கெட்டுகளை ஓர் இலக்கின் கீழ்த் தொகுக்கும் மைல்ஸ்டோனில் குறித்து, மூடும்போது அதை ஒரு வரியில் எழுதவும் தொடங்கிய பிறகு இத்தகைய கேள்விகள் அருகின.

அவசரத்தைக் குறித்த லேபிள்கள் மூன்றையும் நீக்கினேன். பக்ஸில்லா என்ற பிழைப்பதிவு மென்பொருளில் பிழையின் கடுமைக்கும் அதைச் சரிசெய்யும் முன்னுரிமைக்கும் தனித்தனிப் புலங்கள் இருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது: மிக அரிதான சூழலில் மட்டும் நிரல் முடங்குவது கடுமையானது, ஆனாலும் காத்திருக்கலாம், முகப்பில் உள்ள எழுத்துப்பிழை அற்பமானது, ஆனாலும் அடுத்த வெளியீட்டுக்கு முன் திருத்தியாக வேண்டும். இரட்டை டிக்கெட்டுகளில் மூத்ததை வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். பிழையை மீண்டும் வரவழைக்கும் வழி எதில் தெளிவாக உள்ளதோ அதுவே நிற்கும்.

எங்களுக்கு அதிகம் உதவியது, அடுத்து அசைய வேண்டியவர் யார் என்று சொல்லும் இரண்டே லேபிள்கள்தாம்: 'பயனர் பதிலுக்காக', 'எங்கள் பதிலுக்காக'. இரண்டாவதை வாரம் ஒருமுறை முழுவதுமாகப் படிக்கிறோம். கோப்பு அழியும் பிழையின் டிக்கெட்டும் அந்தப் பட்டியலில்தான் முதலில் நின்றது. அடுத்த வெளியீட்டில் திருத்தம் வந்ததும், முதன்முதலில் எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்டு, வெளியீட்டு எண்ணைக் குறிப்பிட்டு அதை மூடினேன்.