அந்த மினுக்கலையும் சேர்த்துத்தான் தருகிறோம்

பழைய கேம்களை மறுபடி வெளியிடும் குழுவில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், "ரோமை எடுத்து எமுலேட்டரில் போட்டு விற்கிறீர்கள், அவ்வளவுதானே?" என்பார்கள். ரோம் என்பது பழைய கேமின் கோப்பு நகல், எமுலேட்டர் என்பது பழைய கருவியைப் போலவே நடந்துகொண்டு அதை ஓட்டும் மென்பொருள். துறைக்குள் இருப்பவர்களே அப்படிக் கேட்பதுண்டு. இன்றைய கருவிக்காகப் புதிதாக எழுதிய போர்ட் என்றால் உழைப்பு, எமுலேட்டர் என்றால் சோம்பேறித்தனம் என்று ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்த வேலைக்குள் இருந்து பார்க்கிற எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. ஒரு நிறுவனம் தன் சொந்தக் கேமைத் திரும்பக் கொண்டுவர, பல நேரம் எமுலேட்டர்தான் நேர்மையான வழி.

சோர்ஸ் கோடு, அதாவது புரோகிராமர்கள் எழுதிய மூல நிரல், நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இருக்காது. டேப் படிக்க முடியாமல் போயிருக்கும், எழுதிய குழு கலைந்திருக்கும், அலுவலகம் மாறியபோது பெட்டி எங்கேயோ போயிருக்கும். 'கிங்டம் ஹார்ட்ஸ்' முதல் பாகத்தை எச்டிக்குக் கொண்டுவந்தபோது மூலத் தரவுகள் தொலைந்துபோயிருந்ததால் நிறைய விஷயங்களைத் திரும்ப உருவாக்கினார்கள். 2012இல் வந்த 'சைலன்ட் ஹில்' எச்டி தொகுப்பைச் செய்தவர்கள் கையில் கிடைத்தது முழுமையடையாத கோடு. அசல் வெளியீட்டுக்கு முன்பே தீர்க்கப்பட்ட பிழைகளோடு அவர்கள் மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைக்குப் போன கேட்ரிட்ஜிலும் டிஸ்கிலும் இருப்பதுதான் முடிந்த கேம். அதை அப்படியே ஓட்டுவது எமுலேட்டர்தான்.

ஓட்டுவது பெரிய விஷயமில்லை. சரியாக ஓட்டுவதில்தான் எங்கள் நாட்கள் போகின்றன. நிண்டெண்டோவின் 8-பிட் கேம் கருவியான என்இஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் உருவங்களை ஆக்கும் சிறு படத்துண்டுகளுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல் அது வரையாது. ஒரு ஸ்ப்ரைட்டின் அகலம் 8 பிக்சல்தான், ஒரு கதாபாத்திரத்துக்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று தேவைப்படும். நாலைந்து எதிரிகள் ஒரே உயரத்தில் நின்றாலே வரம்பு தாண்டிவிடும், மிச்சம் திரையில் தெரியாது. யாரும் ஒரேயடியாக மறைந்துபோகக் கூடாது என்று, அன்றைய புரோகிராமர்கள் ஸ்ப்ரைட்டுகளின் வரிசையை ஃபிரேமுக்கு ஃபிரேம், அதாவது திரை ஒவ்வொரு முறை வரையப்படும்போதும், மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் கூட்டம் சேர்ந்தால் உருவங்கள் மினுக்குகின்றன. பழைய படக்குழாய் டிவியில் அது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. இன்றைய எல்சிடி திரையில் கண்ணில் குத்துகிறது.

புதிதாகச் சேரும் டெஸ்டர் யாராக இருந்தாலும் முதல் வாரத்தில் இதைப் பிழை என்று பதிவு செய்வார். எங்கள் குழுவின் மூத்தவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது எமுலேட்டர் பிழையா, கேமோட பிழையா? அதை முதல்ல சொல்லுங்க." பதில் சொல்ல ஒரே வழி, அசல் கருவியைப் பக்கத்தில் வைத்து அதே இடம் வரை விளையாடிப் பார்ப்பது. அசலிலும் மினுக்கினால் நாங்கள் தருவதிலும் மினுக்கும். வேண்டாம் என்பவர்கள் அணைத்துக்கொள்ள அமைப்புகளில் ஒரு வசதி வைப்போம், ஆனால் முதலில் கிடைப்பது அசல்தான். வேகமாகப் பளிச்சிடும் காட்சிகள் மட்டும் விதிவிலக்கு. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்தக் காட்சிகளைத் தணித்துத்தான் வெளியிடுகிறோம். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

வேகமும் அப்படித்தான். விமானம் சுடும் கேம்களில் திரை முழுக்கக் குண்டு பறக்கும்போது பழைய சில்லு திணறி, ஆட்டம் மெதுவாகும். ஆடுகிறவர்கள் அந்த நொடியில்தான் தப்பிக்க இடம் பார்ப்பார்கள். எமுலேட்டர் அந்தத் திணறலை நீக்கினால் கேம் கடினமாகிவிடும், யாரும் வடிவமைக்காத ஒரு கேம் கிடைக்கும்.

அப்புறம் பட்டன் தாமதம். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. எமுலேட்டரில் இரண்டு ஃபிரேம், டிவியில் இரண்டு, வயர்லெஸ் கன்ட்ரோலரில் கொஞ்சம் என்று சேர்ந்தால், தாவ வேண்டிய இடத்தில் விழுவோம். அதிவேக கேமராவில் விரலையும் திரையையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்து, பட்டன் அழுந்தியதிலிருந்து உருவம் அசைவது வரை ஃபிரேம்களை எண்ணுவோம். அலுப்பான வேலைதான். இதைச் செய்யாமல் வெளியிட்டால் வாங்கியவர் தன் கை பழையபடி இல்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியாது.

2018இல் சோனி தன் பழைய பிளேஸ்டேஷனின் சிறு வடிவமாக வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 கேம்கள் இருந்தன. அவற்றில் சில, 50 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்டு ஓடும் ஐரோப்பியப் பதிப்புகள். 60 ஹெர்ட்ஸில் ஆடிப் பழகியவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. எந்தப் பதிப்பின் ரோமை எடுப்பது என்பதும் வேலையின் பகுதிதான் என்று நாங்கள் அடிக்கடி இதைச் சொல்லிக்கொள்வோம்.

அந்தக் கருவிக்குள் ஓடியது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு, ஆர்வலர்கள் எழுதி, மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்த திறமூல எமுலேட்டர். இதே சோனி, பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. எமுலேட்டரை உருவாக்குவதற்காக அவர்கள் செய்த பின்னோக்கு ஆய்வு, அதாவது பிளேஸ்டேஷன் வேலைசெய்யும் விதத்தை அலசிக் கண்டறிந்தது, பதிப்புரிமைச் சட்டப்படி நியாயமான பயன்பாடுதான் என்று 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நிறுவனங்கள் எதிர்த்து நின்ற அறிவின் மேல்தான் இன்று நிறுவனங்களின் சொந்த வெளியீடுகளும் நிற்கின்றன.

என் மேசையில் இது தினமும் தெரிகிறது. எங்களிடமே நல்ல பிரதி இல்லாத கேம்களுக்கு, சேகரிப்பாளர்களிடம் கேட்ரிட்ஜ் வாங்கி டம்ப் எடுக்கிறோம், அதாவது உள்ளிருப்பதைக் கோப்பாக நகலெடுக்கிறோம். டம்ப் சரிதானா என்று ஒப்பிடுவது ஆர்வலர்கள் தொகுத்த செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) பட்டியலோடு. சில்லின் ஏதோ ஒரு வினோத நடத்தை புரியாவிட்டால் தேடிப்போவதும் அவர்கள் சம்பளமில்லாமல் சோதித்து எழுதிவைத்த குறிப்புகளைத்தான். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், நன்றிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். உரிம அறிவிப்பு போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று சட்டப் பிரிவு மறுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போதே, பெயர்ப் பட்டியல் ஆவணத்தில் அவர்களுக்கென்று ஒரு வரி போட்டு அனுப்புகிறேன். அந்த வரியை அடித்துவிட்டால், அடுத்த கேமுக்கும் அதே வரியைப் போட்டே அனுப்புகிறேன்.