இன்னொரு கரண்டி சோறு போதாது

அக்காவுக்கு இது ஆறாம் மாசம். போன ஞாயித்துக்கிழமை போனப்ப அவ தட்டுல இருந்தது ரசம் சாதம், ரெண்டு அப்பளம், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல், அவ்ளோதான். முட்டை வாடையே ஆகலன்றா, பாவம். அவ மாமியார் பாசமா "ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்மா"ன்னு இன்னொரு கரண்டி சோறு வச்சாங்க. எனக்கு உடனே எப்பவோ படிச்ச ஒரு எலி ஆராய்ச்சிதான் ஞாபகம் வந்துச்சு.

2005ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருங்க பண்ணது. சினை எலிங்கள்ல ஒரு குரூப்புக்கு தீனியில 18 சதவீதம் பால் புரதம், இன்னொன்னுக்கு 9 தான், ஆனா கலோரி குறையல, அந்த இடத்த மாவுச்சத்தும் சர்க்கரையும் போட்டு நிரப்பிட்டாங்க. அதாவது வயிறு நிறைஞ்சுதான் இருந்துச்சு. குட்டி பால் மறந்து எல்லாத்துக்கும் ஒரே தீனி குடுத்தப்புறம் ஈரல எடுத்துப் பாத்தா, கொழுப்பு அமிலத்த எரிக்கிற வேலைய நடத்துற பிபார் ஆல்ஃபாங்கிற ஜீன் மேல, அத அடக்கி வைக்கிற மெத்தில்ங்கிற சின்ன வேதி ஒட்டு குறைஞ்சுபோய், ஜீன் அளவுக்கு மீறி வேலை செஞ்சுட்டிருந்துச்சு. ஜீனோட எழுத்து ஒன்னுகூட மாறல, சுவிட்ச் மட்டும் மாறிருக்கு. கொழுப்பு எரிஞ்சா நல்லதுதானேன்னு தோணும், ஆனா ஸ்ட்ரெஸ் ஹார்மோன வாங்குற ஜீனும் கூடவே தூக்கலாயிடுச்சு, இப்படிப் புரதம் கம்மியா வளர்ந்த குட்டிங்களுக்கு பெருசானா பிரஷர் ஏறுறதும் ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்.

எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுத்தது என்னன்னா, அதே கம்மி புரதத் தீனியோட ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்ங்கிற வைட்டமினோட மாத்திரை வடிவம்) மட்டும் அஞ்சு மடங்கு சேத்தப்ப இந்த ரெண்டு ஜீனும் மாறவே இல்ல. அதுக்காக மாத்திரைய நாமளா கூட்டிக்கக் கூடாதுங்க, எலி வேற நாம வேற. புனே பக்கத்து கிராமங்கள்ல கர்ப்பிணிங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்ததுல, ஃபோலேட் அதிகமா வைட்டமின் பி12 கம்மியா இருந்த அம்மாங்களோட பிள்ளைங்களுக்கு 6 வயசுலயே உடம்பு இன்சுலின் பேச்ச சரியா கேக்காத நிலைமை அதிகமா இருந்துச்சு. முட்டை, பால், மீன், கறி எதுவும் தொடாதவங்களுக்கு பி12 குறையத்தான் செய்யும்.

இதெல்லாம் அக்காகிட்ட சொல்லி பயமுறுத்தல, வாந்தி எடுக்கிறவள குத்தம் சொல்ல யாருக்கும் மனசு வராது. அவ மாமியார் அத்தைகிட்டதான் மெதுவா சொன்னேன், "சோறு போதும் அத்தை, பருப்பு கெட்டியா கடைஞ்சு குடுங்க, தயிர் கூட வைங்க"ன்னு. சாயங்காலம் தேங்கா நிறைய போட்டு கொண்டைக்கடலை சுண்டல் பண்ணாங்க, அக்கா ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டா, குமட்டல. அடுத்த செக்கப்ல பி12 டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேக்கணும்னு மாமா போன்ல குறிச்சு வச்சிருக்காரு.