பின்கதவுச் சுவிட்சும் நார்த் தூசியும்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் எங்கள் வீடு. சற்றுத் தள்ளி ஒரு நார் மில். ஆடிக் காற்றும் சாரலும் அடித்த வாரத்தில், நாலு கதவையும் சாத்திய பிறகும் காரின் டேஷ்போர்டில் கதவுச் சின்னம் எரிந்துகொண்டே இருந்தது. உள்விளக்கும் அணையவில்லை. 10 வாட் பல்புதானே என்று விடக்கூடாது, 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியை இரண்டே நாளில் குடித்துவிடும். அப்பாருவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கோயமுத்தூர் கூட்டிப்போக வேண்டிய காலையில் வண்டி கிளம்பவே இல்லை. டிராக்டர் பேட்டரியில் ஒயர் போட்டுத்தான் கிளப்பினோம். அவர் வெயிலில் நின்றதைப் பார்த்ததும், அன்றைக்கே சரிசெய்வதென்று முடிவெடுத்தேன்.

எந்தக் கதவு என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கதவு திறந்திருக்கிறதா என்று சொல்ல ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. நாலில் எந்தச் சுவிட்ச் கெட்டாலும் அதே விளக்குதான் எரியும். இருட்டியதும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, தம்பியை வெளியிலிருந்து ஒவ்வொரு கதவாக அழுத்தச் சொன்னேன். இடது பின்கதவை அழுத்தியபோது மட்டும் விளக்கு லேசாகத் துடித்தது.

எங்களுடையது பழைய வண்டி. கதவுச் சட்டத்தில் ரப்பர் தொப்பி போட்ட அமுக்குச் சுவிட்ச், ஒரே ஸ்குரூ, ஒரே ஒயர். கதவைத் திறந்தால் அது ஒயரை வண்டியின் இரும்பு பாடியோடு இணைத்து விளக்கை எரிக்கும், சாத்தினால் அமுங்கித் துண்டிக்கும். புது வண்டிகள் பலவற்றில் இது கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும். அது வேறு வேலை. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சுவிட்ச வெளிய இழுத்ததுமே ஒயர்ல ஒரு நூலைக் கட்டிப்போடுங்க. உள்ள போயிருச்சுன்னா பிளாஸ்டிக்கையெல்லாம் பிரிக்கோணுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கோடி நன்றி.

நூல் கட்டி, ஒயரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. ஒயர் நுனியை பாடியில் தொட்டேன், எரிந்தது. ஒயர் நல்லது, கோளாறு சுவிட்சில்தான் என்று உறுதியானது. ரப்பர் கிழிந்து, உள்ளே நார்த் தூசி ஈரத்தில் ஊறிப் பிசுக்காக அப்பியிருந்தது. செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. பித்தளைக் குடத்துக்குப் போல புளி போட்டுத் தேய்க்கலாமே என்றார் அம்மா. புளியின் அமிலம் இடுக்கில் தங்கிவிட்டால் தகட்டை மேலும் அரிக்கும், வேண்டாம் என்றேன். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்குரூ உட்காரும் இடத்துத் துருவையும் சுரண்டினேன். சுவிட்சுக்கு எர்த், அதாவது பாடியோடு இணைப்பு, கிடைப்பது அந்த ஸ்குரூ வழியாகத்தான்.

மாட்டியதும் சரியானது. ஆனால் ஆறாம் நாள் சாரலில் மறுபடியும் எரிந்தது. ரப்பர் கிழிந்த சுவிட்சைச் சுத்தம் செய்து பயனில்லை. முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். ஸ்பேர்ஸ் கடையில் பழையதைக் காட்டி அதே அளவில் புதியது வாங்கினேன். மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். வலது பின்கதவின் ரப்பரிலும் வெடிப்பு விட்டிருக்கிறது. அதற்கும் ஒன்று வாங்கி வைத்தாயிற்று. இந்த ஞாயிறு மாட்டிவிடுவேன்.