தோற்றவரின் அழுகை: கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றிய குறிப்புகள்

பிப்ரவரி 4

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு செய்தி இரண்டு நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. ஏதென்ஸ் மக்கள் தம் உறவினராகக் கருதிய மிலேட்டஸ் நகரம் கி.மு. 494இல் பாரசீகரிடம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியை ஏதென்ஸின் நாடகாசிரியர் ஃபிரினிகஸ் நாடகமாக்கியபோது அரங்கமே கண்ணீர் விட்டு அழுதது. பிறகு, தம் சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி எவரும் மேடையேற்றக் கூடாதென்றும் தடுத்துவிட்டார்கள். ஆறாத புண்ணை அப்படியே மேடையில் காட்ட முடியாது என்பதைத் துன்பியல் நாடகம் தன் இளம்பருவத்திலேயே கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 6

முழுமையாகக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது, கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய ‘பாரசீகர்கள்’. அதை மறுபடியும் படித்து முடித்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாரசீக மன்னன் செர்க்ஸஸின் படை ஏதென்ஸுக்குள் புகுந்து கோயில்களைக் கொளுத்தியிருந்தது. ஈஸ்கிலஸின் சகோதரரோ அதற்கும் முன்பே பாரசீகரோடு நடந்த மாரத்தான் போரில் மாண்டிருந்தார். அப்படிப்பட்டவர் நாடகத்தின் களமாக ஏதென்ஸைத் தேர்ந்தெடுக்காமல், பகைவரின் தலைநகரான சூசாவைத் தேர்ந்தெடுத்து, மகன் செர்க்ஸஸ் என்ன ஆனானோ என்று தவிக்கும் அரசியையும், படை திரும்பாததால் கலங்கும் முதியவர்களையும் மேடையில் நிறுத்தினார்.

சலாமிஸ் கடற்போரைத் தூதுவன் விவரிக்கும் பகுதி கிரேக்க வெற்றியின் வரலாறுதான், ஆனால் அதைச் சொல்லும் வாய் தோற்றவனுடையது. இன்னொன்றும் கவனித்தேன்: நாடகம் முழுவதிலும் ஒரு கிரேக்க வீரனின் பெயர்கூட வருவதில்லை, இறந்த பாரசீகத் தலைவர்களின் பெயர்களோ ஒப்பாரியைப் போல அடுக்கடுக்காக வருகின்றன. இறுதியில் கிழிந்த ஆடையோடு செர்க்ஸஸ் வந்து முதியவர்களோடு சேர்ந்து மாரில் அறைந்து அழுகிறான். இந்த நாடகத்துக்குத்தான் ஏதென்ஸ் முதற்பரிசு தந்தது.

பிப்ரவரி 7

இது பகைவனின் அழுகையைப் பார்த்து மகிழ்ந்த வெற்றி விழாவே என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. பெருமிதம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் செர்க்ஸஸின் இறந்த தந்தை டேரியஸின் ஆவி எழுந்து வந்து, மனிதன் வரம்பு மீறி எண்ணக் கூடாது என்று எச்சரிக்கும்போது, அந்தச் சொல் பாரசீகரோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் போன்ற ஒருவருக்கு நேரும் கேட்டைக் கண்டுதான் அச்சம் பிறக்கிறது என்று அரிஸ்டாட்டில் பிற்காலத்தில் எழுதினார். பகைவனும் நம்மைப் போன்றவனே என்று உணர்ந்தால்தான் அந்த அச்சம் பிறக்கும்.

பிப்ரவரி 11

கி.மு. 416இல் ஏதென்ஸ் மேலோஸ் தீவைப் பணியவைத்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த வசந்தத்தில் ஏதென்ஸின் நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘டிராய் நகரப் பெண்கள்’ அரங்கேறியது. அதில் அழுபவர்கள் கிரேக்கரிடம் எல்லாவற்றையும் இழந்த பெண்கள். அதே ஆண்டில் ஏதென்ஸ் சிசிலியின் மேல் படையெடுத்தது, கி.மு. 413இல் அந்தப் படை அழிந்தது. சிறைப்பட்டவர்களில் சிலர் யூரிப்பிடிஸின் வரிகளைச் சொல்லிக் காட்டிப் பகைவரிடமிருந்து விடுதலை பெற்றதாகவும், ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னதாகவும் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் எழுதுகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட செய்திதான். எனினும் அதை நம்பவே விரும்புகிறேன்.