டனல் பச்சைதான், பேக்கிங் லிஸ்ட்தான் வரவில்லை

"தம்பி, பில்லு என்ட்ரி போகுது. பேக்கிங் லிஸ்ட் எடுத்தா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸிலிருந்து அக்கா அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டபோது, நான் திருப்பூரில் மானிட்டரிங் திரைக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். திரையில் தூத்துக்குடி டனல், அதாவது இணையத்தின் வழியே அங்கே போகும் குறியாக்கப்பட்ட இணைப்பு, பச்சை. பிங் (சின்ன பாக்கெட் ஒன்று போய் பதில் வர ஆகும் நேரம்) 21 மில்லிசெகண்ட், பாக்கெட் இழப்பு பூஜ்யம். "இங்க எல்லாம் சரியாத்தானே காட்டுதுக்கா" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்ப நான் பொய் சொல்லுதேனா?" என்றார். பக்கத்து அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பச்சை லைட்டு எரியுதுங்கறீங்க, அங்க வரலைங்கறாங்க. நான் யாரை நம்பறது?"

நாங்கள் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்கள். சர்வர் திருப்பூரில், பிராசஸிங் யூனிட் பெருந்துறை சிப்காட்டில், கண்டெய்னர் ஏற்றும் வேலை தூத்துக்குடியில். மூன்றையும் இணைப்பது இரண்டு ஐபிசெக் டனல்கள். மூன்று இடத்திலும் லினக்ஸ் பெட்டிகளில் அந்த டனலை நடத்தும் ஸ்ட்ராங்ஸ்வான் மென்பொருள் ஓடுகிறது. செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று தூத்துக்குடியில் லீஸ்டு லைனை (எங்களுக்கென்றே ஒதுக்கிய லைன்) எடுத்துவிட்டு ஃபைபர் பிராட்பேண்ட் போட்டு அன்றைக்கு நாலாவது நாள். டனல் உடனே ஏறிவிட்டது, பிங் வந்தது. நானும் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிட்டேன்.

அக்கா சொன்னதை இன்னொரு முறை யோசித்தபோதுதான் உறைத்தது. என்ட்ரி போவது சின்ன பாக்கெட். பேக்கிங் லிஸ்ட் பல பக்கம், திருப்பூரிலிருந்து அங்கே போகிறபோது பாக்கெட்டுகள் முழு அளவில் நிரம்பிப் போகும். என் மானிட்டரிங் அனுப்பும் பிங்கில் இருப்பது வெறும் 56 பைட். சைக்கிள் போகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தச் சந்தில் லாரி போகும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு பிங் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். 1400, வந்தது. 1402, வந்தது. 1403, ஒன்றுமில்லை. பிழைச் செய்தி கிடையாது, பதில் கிடையாது, கர்சர் மட்டும் துடிக்கிறது. 1404, 1405 என்று 1410 வரைக்கும் அதே மௌனம். 1411 போட்டதும் எங்கள் ஃபயர்வாலே "பாக்கெட் பெரிது" என்று திருப்பி அனுப்பியது. அப்படியானால் 1403 முதல் 1410 வரையான எட்டு அளவுகளைத்தான் எங்கோ ஒருவர் சத்தமில்லாமல் விழுங்குகிறார்.

எட்டு என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. பிராட்பேண்டில் பிபிபிஓஇ என்ற உறை 8 பைட் எடுத்துக்கொள்ளும். ஈதர்நெட்டின் 1500 அங்கே 1492 ஆகிவிடும். எங்கள் திருப்பூர் பெட்டிக்கு இது தெரியாது, அதன் வாசலில் 1500தான். எல்லா உறையும் சேர்ந்து 1500 பைட் ஆகும் பாக்கெட்டை அது நம்பிக்கையோடு அனுப்புகிறது. தூத்துக்குடிப் பக்கம் சேவை நிறுவனத்தின் கருவி, "இது நுழையாது, சிறிதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் கருவிகள் பிழையைச் சொல்லிக்கொள்ளும் முறை) ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் செய்தி எங்கள் ஃபயர்வாலில் அடிபட்டு விழுகிறது. ஏனென்றால் வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பி மொத்தத்தையும் பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்து வைத்திருந்த புண்ணியவான் நான்தான்.

மீதிப் பாதி எம்எஸ்எஸ். டிசிபி (தரவு முழுதாகப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) இணைப்பு தொடங்கும்போதே "ஒரு பாக்கெட்டில் இவ்வளவுதான் தரவு" என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் எண் அது. ஃபயர்வால் விதியில் அது 1406 என்று கையால் எழுதியிருந்தது. ஏன் 1406 என்று எந்த விளக்கமும் இல்லை. யார் எழுதியது என்று பார்த்தால், அதுவும் நானே.

உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டேன். பழைய லைனில் 1500. அதிலிருந்து வெளி ஐபி தலைப்பு 20, ஈஎஸ்பி (ஐபிசெக்கின் உறை) தலைப்பு 8, ஏஇஎஸ்-ஜிசிஎம் குறியாக்கத்தின் தொடக்க மதிப்பான ஐவி 8, கடைசியில் ஒட்டும் சரிபார்ப்பு 16, ஈஎஸ்பியின் வாலுக்கு இன்னொரு 2. மிச்சம் 1446. அதில் உள் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போனால் 1406. அன்றைக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், ஒரு பைட் இடைவெளிகூட விடாமல். புது லைனில் பிபிபிஓஇக்கு 8 போயிற்று. அதோடு ஸ்டேட்டிக் ஐபி சேவை நிறுவனத்தின் ரவுட்டரில் உட்கார்ந்திருக்க, எங்கள் பெட்டி அதற்குப் பின்னால் நாட் (NAT) என்ற முகவரி மாற்றத்துக்குள் மாட்டிக்கொண்டதால், ஐபிசெக் தானாகவே யுடிபி போர்ட் 4500க்கு மாறியிருந்தது. அந்த யுடிபி தலைப்புக்கு இன்னொரு 8. ஆக 1390தான் போகும். பதினாறு பைட்டுக்காக நாலு நாள் பேக்கிங் லிஸ்ட் நின்றிருக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எம்எஸ்எஸ்ஸை இறக்கினேன், ஐசிஎம்பியில் "உடைக்க வேண்டும்" என்ற அந்த ஒரு வகையை (வகை 3, குறியீடு 4) உள்ளே விட்டேன். "வந்துட்டு தம்பி" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மானிட்டரிங்கை மாற்ற உட்கார்ந்தேன். ஸ்மோக்பிங் ஏற்கெனவே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 பிங் அனுப்பி, நடுமதிப்பைக் கோடாகவும் சிதறலைப் புகையாகவும் வரையும் பழைய கருவி. இன்றைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். சராசரியை மட்டும் காட்டும் அழகான கிராஃபுகளில் இந்தப் புகை தெரியாது. ஒவ்வொரு கிளைக்கும் மூன்று அளவீடு வைத்தேன்: டனலுக்குள் சின்ன பிங், டனலுக்குள் 1402 பைட் பிங், டனலுக்கு வெளியே அந்தக் கிளையின் பொது ஐபிக்கு ஒரு பிங். சின்னது வந்து பெரியது வராவிட்டால் அளவுப் பிரச்சினை. உள்ளே வெளியே இரண்டும் சேர்ந்து கெட்டால் லைன். வெளியே சுத்தமாக இருந்து உள்ளே மட்டும் கெட்டால் எங்கள் பெட்டி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில், லைனை நிரப்பி வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐயும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து பத்து விநாடி ஓட விட்டேன். மறுநாள் பெருந்துறையிலிருந்து புகார்: "சார், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ எல்லாம் நின்னு நின்னு போகுது." பத்து விநாடி லைன் முழுவதையும் நான் குடித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே நிற்காமல் என்ன செய்யும்? அதை இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை என்று தள்ளிவிட்டேன். பகலில் பேக்கிங் லிஸ்ட் அளவுள்ள ஒரு ஃபைலை ஒவ்வொரு கிளையும் கால்மணிக்கு ஒருமுறை இறக்கி, எத்தனை விநாடி ஆயிற்று என்று மட்டும் எழுதிவைக்கிறது. அக்கா உணரும் வேகத்துக்கு இதுதான் கிட்ட வருகிற எண்.

ஒரு வாரத்தில் தூத்துக்குடி கிராஃபில் புகை கிளம்பியது. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி பத்துவரை, உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி, 2 முதல் 3 சதவீதம் இழப்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் டிசிபி ஒவ்வொரு இழப்பையும் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். 100 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் இறங்கியது 5 எம்பிபிஎஸ் சுற்றி. சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால் "சார், லிங்க் அப்லதான் இருக்கு" என்றார்கள். அன்றைக்கு அக்காவிடம் நான் சொன்ன அதே வாக்கியம். ஏழு நாள் கிராஃபையும், டனலுக்கு வெளியே எடுத்த அளவையும் சேர்த்து மெயிலில் போட்ட பிறகுதான் ஆள் வந்தது. அவர்கள் பக்கம் ஏதோ போர்ட்டை மாற்றினார்கள். என்ன மாற்றினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. புகை போய்விட்டது.

பெருந்துறைக் கதை வேறு. வெளியே சுத்தம், உள்ளே மட்டும் காலை பதினொரு மணிக்கு லேட்டன்சி (தாமதம்) 9 மில்லிசெகண்டிலிருந்து 80க்கு எகிறும். சிபியூ கிராஃபைப் பார்த்தால் 25 சதவீதம், ஏதோ ஓய்வாக இருப்பதுபோல. இரண்டு நாள் அந்த எண்ணை நம்பி ஏமாந்தேன். பிறகு டாப் கட்டளையில் 1-ஐ அழுத்தி ஒவ்வொரு கோராகப் பிரித்துப் பார்த்தேன். நாலு கோரில் மூன்று சும்மா கிடக்கிறது, ஒன்று 100. மொத்த டனலின் குறியாக்கமும் அந்த ஒரு கோரின் தலையில்தான். போதாக்குறைக்கு அது பழைய பிராசஸர், ஏஇஎஸ்ஸுக்கான தனி வன்பொருள் வசதி கிடையாது. பதினொரு மணிக்கு அங்கே டிசைன் ஃபைல்களை பேக்கப் எடுக்கிறார்கள். பேக்கப்பை இரவுக்குத் தள்ளினேன். புதுப் பெட்டிக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன், முதலாளி மேசையில் இருக்கிறது.

மொபைலுக்கு வரும் எச்சரிக்கைகளையும் மாற்றிவிட்டேன். முன்பு டனல் விழுந்தால் மட்டும் வரும். இப்போது பெரிய பிங் மூன்று சுற்று தொடர்ந்து வராவிட்டாலோ, ஃபைல் இறங்கும் நேரம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு ஆனாலோ வரும். போன மாதம் ஒரே ஒருமுறை வந்தது, தூத்துக்குடியில் யாரோ ரவுட்டரை ஆஃப் செய்துவிட்டு ஃபேன் மாட்டியிருக்கிறார்கள்.

எம்எஸ்எஸ்ஸைக் கடைசியில் 1390 என்று விடவில்லை. கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று 1350 ஆக்கி, இந்தத் தடவை விதிக்கு மேலேயே ஒரு வரி எழுதிவைத்தேன்: "பிபிபிஓஇ 8, யுடிபி 8, ஆகவே 1390க்கு மேல் போகாது. லைன் மாற்றினால் முதலில் 1402 பிங் போட்டுப் பார். அப்புறம் டிக்கெட்டை மூடு."